18 வயது மறுமதிப்பீடு: தம்பியைவிட அம்மாவைத்தான் தயார் செய்தோம்

தம்பியின் புது அறிவுசார் குறைபாட்டுச் சான்று போன வாரம் கைக்கு வந்துவிட்டது. 50 சதவீதம், நிரந்தரம். மூச்சு விட முடிகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 18 வயது மறுமதிப்பீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற வீடுகள் நெல்லைப் பக்கம் நிறைய உண்டு. எல்லாரும் ஜெராக்ஸ் எடுப்பதிலும் போட்டோ சைஸிலும்தான் குறியாக இருக்கிறார்கள். நான் பார்த்த வரை காரியம் கெடுவது உள்ளே போய்ப் பேசும்போதுதான்.

அறிவுசார் குறைபாட்டுச் சான்றை 5, 10, 18 வயதில் புதுப்பிக்க வேண்டும், 18-ல் தருவதுதான் ஆயுள் முழுக்கச் செல்லும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பலர் பார்ப்பதில்லை. 2018-ல் அரசிதழில் வந்த மதிப்பீட்டு வழிகாட்டி (2024-ல் திருத்தப்பட்டது), வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலில் வரும் மதிப்பெண்ணை வைத்துக் கணக்கிடச் சொன்னது:

0–20 என்றால் 100 சதவீதம்
21–35 என்றால் 90
36–54 என்றால் 75
55–69 என்றால் 50
70–84 என்றால் 25

கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். 69-க்கும் 70-க்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு மதிப்பெண். அதைத் தாண்டினால் 50 சதவீதம் 25 ஆகிவிடும். சதவீதம் 40-க்குக் கீழே போனால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்குத் தகுதி போய்விடும். யூ.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் மஞ்சளிலிருந்து, 40-க்குக் கீழே உள்ளவர்களுக்கான வெள்ளைக்கு மாறிவிடும். பஸ் சலுகையிலிருந்து எல்லாவற்றுக்கும் 40 சதவீதம்தான் வாசல். எங்கள் தம்பி 10 வயதிலேயே 50 சதவீதத்தில் இருந்தவன். அதற்கப்புறம் சிறப்புப் பள்ளியில் எவ்வளவோ கற்றுக்கொண்டான். சட்டை போடுகிறான், பேர் எழுதுகிறான், போன் எடுத்து "யாரு?" என்று கேட்கிறான். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அதை நினைத்தே எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்த அளவுகோலைப் பற்றிக் கொஞ்சம். நம் நாட்டுக்கு மாலின் என்பவர் மாற்றியமைத்த வடிவத்தில் 89 கேள்விகள், எட்டுப் பகுதிகள்: பொதுவாகத் தன்னைக் கவனித்துக்கொள்வது, சாப்பாடு, உடை, தன் போக்கைத் தானே நடத்துவது, வேலை, பேச்சு, வெளியே போய் வருவது, பிறரோடு பழகுவது. இதில் பெரும்பகுதி பிள்ளையிடம் கேட்பதில்லை, கூட இருப்பவரிடம் கேட்டுப் போடுவது. ஐ.க்யூ. சோதனைதான் பிள்ளைக்கு. ஆக, உண்மையில் பரீட்சை எழுதப் போவது அம்மா.

எங்கள் அம்மாவுக்குப் பீடி சுற்றுவதுதான் தொழில். முக்கூடலில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் அதுதான். தம்பியைப் பற்றி யாராவது கேட்டால் அம்மா சொல்லும் பதில்கள் எனக்கு மனப்பாடம். "அவனே குளிச்சிருவான்." "கடைக்கெல்லாம் போவான்." "பீடி வேலையில எனக்கு ஒத்தாசையே அவன்தான்." இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் நடப்பது வேறு. அம்மா வாளியில் தண்ணீர் பிடித்து வைத்து, கதவுக்கு வெளியே நின்று "சோப்பு போட்டியாலே, தலையை அலசுலே" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் நுரையோடு வந்து நிற்பான். கடை என்றால் தெருமுனைக் கடை ஒன்றுதான். அந்த அண்ணாச்சிக்கு இவனைத் தெரியும். சீட்டும் காசும் கொடுத்துவிட்டால் சாமான் வரும், மீதிச் சில்லறை சரியா என்று இவனுக்குத் தெரியாது. பீடி வேலையில் ஒத்தாசை என்பது, எடுத்துக் கொடுத்த இலைக்கட்டைத் தண்ணீரில் நனைக்கப் போடுவது.

"உள்ளதை உள்ளபடி சொல்லும்மா" என்றேன். அம்மாவுக்கு வந்ததே கோபம். "பெத்த பிள்ளையப் போயி அங்கன வச்சு குறை சொல்லச் சொல்லுதியாட்டி?" நியாயம்தான். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் சொந்தக்காரர்கள் முன்னால் "எல்லாம் செய்வான்" என்று சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷம் தலை நிமிர்ந்து நடந்தவள். வெள்ளை அட்டை, மஞ்சள் அட்டை என்று நான் கணக்குச் சொன்னால் அந்தக் கோபம் போகுமா?

வேறு வழி பிடித்தேன். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். "அவனைப் பத்தி ஒண்ணுமே சொல்ல வேண்டாம். நீ என்ன செய்யுதியோ அதை மட்டும் சொல்லு" என்றேன். "நான் தண்ணி பிடிச்சு வைப்பேன். நான் மேல் பொத்தானை மட்டும் போட்டு விடுவேன். நான் சீட்டு எழுதிக் கொடுப்பேன். பஸ்ஸுல நான் கையைப் பிடிச்சுக்கிடுவேன்." அம்மாவுக்கு அது சுலபமாக வந்தது. தன் உழைப்பைச் சொல்வதில் வெட்கம் இல்லையே. பிள்ளையைக் குறை சொல்லாமலேயே உதவி எவ்வளவு தேவை என்பது முழுசாக வெளியே வந்துவிட்டது.

சாயங்காலம் அம்மா தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும்போது நான் அதிகாரி மாதிரி எதிரே உட்கார்ந்து கேட்பேன். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினோம். தானாகச் செய்கிறானா, சொன்னால் செய்கிறானா, கூடவே நின்றால்தான் செய்கிறானா. மூன்றில் ஒன்று. "செய்வான், செய்வான்" என்று இழுத்தால் விட மாட்டேன். எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் அதிகம். உங்கள் வீட்டில் அப்படி ஆள் இல்லையென்றால் சிறப்புப் பள்ளி ஆசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள், அவர்கள் நன்றாகவே கேட்பார்கள்.

நோட்டில் நாங்கள் தனியாகக் குறித்தவை:

- புது இடத்தில் என்ன ஆகிறான். வீட்டில் செய்வது வேறு, அத்தை வீட்டில் செய்வது வேறு.
- காசு. நோட்டை அடையாளம் தெரிவதும் கணக்குப் பார்ப்பதும் ஒன்றல்ல.
- ஆபத்து. அடுப்பு, மின்சாரம், ரோடு, தெரியாதவர் கூப்பிட்டால் போவது.
- வீட்டில் தனியாக எவ்வளவு நேரம் விட முடியும். இந்தக் கேள்விக்கு அம்மாவிடம் பதிலே இல்லை, ஏனென்றால் விட்டதே இல்லை. அதையே சொல்லச் சொன்னேன்.
- வலிப்பு, மாத்திரை, தூக்கம். மருந்துச் சீட்டோடு.

ஒரு எச்சரிக்கை. வரிசையில் ஒருவர் தன் மகளிடம் "உள்ள போனா வாயே தெறக்கக் கூடாது" என்று மிரட்டிக்கொண்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். கட்டைகளைப் பலகையில் பொருத்தும் சோதனை, படம், கேள்வி என்று உளவியலாளரிடம் பல வழி உண்டு. பழைய அறிக்கையும் அவர் கையில் இருக்கிறது. நடிப்பு ஒட்டாமல் நின்றால், உண்மையாகச் சொன்னதையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். அதைவிட முக்கியம், அந்தப் பிள்ளைக்கு அது புரியும். அம்மா பேச ஆரம்பித்ததும், தம்பியை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று நான் கேட்டேன், சரி என்றார்கள். 18 வயதுப் பையன், தன்னைப் பற்றி எதிரில் வைத்துப் பேசினால் முகம் வாடிவிடும்.

காகித வேலையில் மூன்றே விஷயம்:

பழைய யூ.டி.ஐ.டி. எண்ணை வைத்துப் புதுப்பித்தல் கேளுங்கள். இ-சேவை மையத்தில் அவசரத்தில் புது விண்ணப்பமாகப் போட்டுவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

15 வயதில் ஆதாருக்குக் கைரேகை, கண் பதிவைப் புதுப்பித்தீர்களா? எங்கள் வரிசையில் திரும்பிப் போனவர்களில் சிலருக்கு இதுதான் தடை.

ஓ.டி.பி. வரும் போன் நம்பர் இன்னும் உயிரோடு இருக்க வேண்டும். மாமா நம்பர், பழைய பக்கத்து வீட்டு நம்பர் என்றால் முதலில் மாற்றுங்கள்.

போகிற நாளில் பிள்ளையோடு நாள் முழுக்க இருப்பவர்தான் உள்ளே போக வேண்டும். விவரமாகப் பேசுவார் என்று சித்தப்பாவைக் கூட்டிப் போகாதீர்கள். அவர் "பையன் படு சூட்டிகை சார்" என்று ஆரம்பித்துவிடுவார். வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சாப்பாடு, வழக்கமான மாத்திரை. காத்திருப்பு நீளம், அதற்கு அவனுக்குப் பிடித்தது ஏதாவது பையில் இருக்கட்டும்.

ஒரு கவுண்டரில் இருந்தவர் தம்பி வணக்கம் சொன்னதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே பேசுதான், ஏதாவது வேலைக்கு அனுப்பலாம்லா?" என்றார். அவர் மதிப்பீடு செய்பவர்கூட இல்லை. அம்மா பழக்கத்தில் "ஆமா சார்" என்று தலையாட்டப் போனாள், நான் கையைக் கிள்ளினேன். இப்படிச் சும்மா கேட்பவர்களுக்குச் சிரித்துவிட்டு நகருங்கள். பதில் சொல்ல வேண்டிய இடம் உள்ளே இருக்கிறது.

சதவீதம் குறைந்தாலோ மறுத்தாலோ காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 59 மேல்முறையீட்டுக்கு வழி தருகிறது. வாய்வார்த்தையைக் கேட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் எதை வைத்து மேல்முறையீடு செய்வது?

சான்று நிரந்தரமானாலும் உதவித்தொகைக்கு வருஷா வருஷம் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டியது தொடரும். கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

18 ஆனதும் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கும் விஷயம் வரும். வங்கியிலேயே கேட்டுவிட்டார்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும். நமக்குக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம்தான். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை, அதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மனு இன்னும் போகவில்லை. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போடுவதா, அவர்களுக்குப் பின்னால் என்று யோசித்து இப்போதே என் பேரில் போடுவதா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.