பொந்துக்குள் ஒரு பூ

ஒரு மாதமாக நம் பாய்மரப் படகின் வலதுபக்கப் பலகை "டொக் டொக்" என்று வாயடித்துக்கொண்டிருந்தது. நம் படகுக்குத்தான் இரண்டு உடலாயிற்றே. உடலுக்கு ஒரு டாகர்போர்டு, அதாவது ஒரு பொந்து வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும் பலகை. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது நண்டு மாதிரி நழுவாமல் படகைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பலகைதான். அது ஏறி இறங்குகிற பொந்தின் உள்சுவரில் ஒட்டிய லைனிங் தேய்ந்துவிட்டால், அலைக்கு அலை தாளம். தாளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆடி ஆடிப் பொந்தின் சுவரே விரிந்தால் உடலுக்குள் தண்ணீர் வந்துவிடும்.

ஹோபி 16 மாதிரி படகென்றால் இந்த வம்பே இல்லை. அதன் உடலே வெளிப்பக்கம் தட்டையாகவும் உள்பக்கம் புடைத்தும் இருக்கும், நழுவாமல் பிடிப்பது அந்த வடிவமே, பலகையே கிடையாது. பார்த்து வாங்கியிருக்கலாம்தான். ஆனால் இது வாங்கியதில்லையே, மாமா கொடுத்தது. கொடுத்ததா, தலையில் கட்டியதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

இந்த இரட்டை உடல் படகை ஆங்கிலக்காரன் 'கட்டமரான்' என்கிறான். 'கட்டுமரம்' என்று அந்தச் சொல்லைக் கொடுத்ததே நாம்தான். சொல்லைக் கொடுத்த முன்னோர்கள் நாலைந்து மரத்தைக் கயிற்றால் கட்டிக் கடலுக்குப் போய் மீனோடு திரும்பினார்கள். நான் போன சனிக்கிழமை முழுக்க உளியைப் பொந்துக்குள் விட்டுக்கொண்டு தரையில் படுத்திருந்தேன்.

பழைய லைனிங் கார்ப்பெட். பலரும் அதைத்தான் ஒட்டுவார்கள். மெத்தென்று இருக்கும், சத்தம் வராது. மணலைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் கெட்ட குணம். அந்த மணலே பலகையைத் தேய்க்கும். நான் சுரண்டியதில் கால் கிலோ மணலும் மூன்று சிப்பிகளும் வந்தன. கார்ப்பெட் மட்டும் வரவில்லை. அசிட்டோன் ஊற்றினேன், உளியால் நெம்பினேன், வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை.

மத்தியானத்துக்கு மேல் ஒரு துண்டு பிய்ந்து வந்தது. கழுவிப் பார்த்தால் மெரூன் நிறம், நடுவில் பாதித் தாமரை.

இந்தத் தாமரையை நான் பார்த்திருக்கிறேன். என் கல்யாண ஆல்பத்தில், மாமியார் வீட்டுக் கூடத்தில், எல்லோர் காலடியிலும். சலவைக்குப் போன இடத்தில் தொலைந்துவிட்டதாக மாமா சத்தியம் செய்த அதே கார்ப்பெட். அத்தை இன்றுவரை எந்தச் சலவைக்காரரையும் நம்புவதில்லை. திரைச்சீலை முதற்கொண்டு வீட்டிலேயே துவைக்கிறார். இருபது வருடத் துவையல்!

மாமாவைப் பார்த்தேன். மாமா மேகத்தைப் பார்த்தார்.

"காற்று திரும்புது மாப்பிள்ளை."

அதற்கப்புறம் புது லைனிங். பொந்து 31 மில்லிமீட்டர், பலகை 25. பக்கத்துக்கு மூன்று என்று மூன்று மில்லிமீட்டர் ஃபெல்ட் (கம்பளி மாதிரி அழுத்திய துணி) வெட்டினேன். கணக்கு சரி, மூளைதான் தப்பு: பசைக்கு இடம் விடவில்லை. பலகை பாதி இறங்கி நின்றுவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நானும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததைச் சின்னவள் வீடியோ எடுத்திருக்கிறாள். குடும்பக் குழுவில் பார்த்திருப்பீர்கள். மறுபடி எல்லாவற்றையும் பிய்த்து, 80 நம்பர் உப்புத்தாள் போட்டு, இரண்டு மில்லிமீட்டரில் ஆரம்பம்.

இதற்குப் போடுகிற பசை ஒரு தினுசு. இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டு ஒட்ட வேண்டும். தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. கை நுழையாத பொந்தில் எப்படி? ஃபெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாளை விட்டு, மெல்லிய மரப்பட்டியலால் ஃபெல்ட்டை உள்ளே இறக்கி, இடம் சரியானதும் தாளை மெதுவாக உருவிவிட வேண்டும். சொல்லிக் கொடுத்தது மாமா. எங்கே கற்றுக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் பலகை வெண்ணெய் மாதிரி இறங்கியது. அத்தை காபியோடு வந்தார். தாமரை என் சட்டைப் பையில் இருந்தது. மாமாவின் கண் பையை விட்டு நகரவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

அத்தை உள்ளே போனதும் மாமா குனிந்து மெல்லக் கேட்டார்: "பசை விட்டிருந்துச்சா மாப்பிள்ளை?"

"எங்கே மாமா, உளி போட்டுத்தான் எடுத்தேன்."

மனிதருக்கு முகமெல்லாம் பல்.