படகின் விளிம்பு

அலை வரும்போதெல்லாம் படகின் விளிம்பு ஒரு முழம் ஏறியது, ஒரு முழம் இறங்கியது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானே சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள்.

“நீ போய்விட்டு வா.”

இன்று எங்கள் கப்பல் துறைமேடையை ஒட்டி நிற்கவில்லை. கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்கினார்கள். அந்த ஆட்டத்தில் ஒருவரை நாற்காலியோடு தூக்கி மாற்றுவது ஆபத்து. பணியாளர் மறுத்ததில் தவறே இல்லை.

என் ஆற்றாமை வேறு. அறைக் கதவு 81 சென்டிமீட்டராவது இருக்குமா, குளியலறை வாசலில் மேடு உண்டா, சுவரில் கைப்பிடி உண்டா என்று பதிவு செய்யும்போது துருவித் துருவிக் கேட்டேன். ஒவ்வோர் ஊரிலும் கப்பல் எப்படி நிற்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. சீட்டு விற்றவரும் சொல்லவில்லை. அக்கா மாதக்கணக்கில் வரைபடத்தில் பார்த்து வைத்திருந்த ஊர் இது.

நான் இறங்கவில்லை. மேல்தளத்தில் இருவரும் உட்கார்ந்து, படகுகள் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாளை துறைமேடைதான், இரண்டு முறை கேட்டு உறுதி செய்துவிட்டேன். ஓதத்தில் கடல்மட்டம் ஏறினால் கப்பலும் உயர்ந்து, இறங்குபாலம் செங்குத்தாகிவிடுமாம். அதனால் காலை 7 மணிக்கே இறங்குகிறோம்.

அக்கா இப்போதே தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.