ஒரே வீடியோ, ஒரே லேப்டாப்: எச்.இ.வி.சி. ஓட்டிப் பார்த்த அனுபவம்

போனில் 4கே-யில் எடுத்த வீடியோ ஒன்றை என் ஏஎம்டி லேப்டாப்பில் விண்டோஸ் 11-லும் ஃபெடோரா 41 லினக்ஸிலும் ஓட்டிப் பார்த்தேன். கோடெக் (வீடியோவைச் சுருக்கி, மறுபடி விரிக்கும் முறை) விஷயத்தில் எந்த பிளேயர் எப்படி நடந்துகொள்கிறது என்று நேரில் பார்க்க ஆசை.

முதலில் கோப்பின் உள்விவரம் காட்டும் எஃப்எஃப்ப்ரோப் கருவியைப் போட்டுப் பார்த்தேன். வெளியே எம்பி4. உள்ளே வீடியோ எச்.இ.வி.சி. என்ற கோடெக் (எச்.265 என்பதும் இதுதான்), அதில் 10-பிட் நிறத்துக்கான மெயின் 10 ப்ரொஃபைல்; ஆடியோ ஏஏசி கோடெக். எம்பி4 வெறும் டப்பாதான். அதைத் திறக்கத் தெரிந்தும் உள்ளே இருப்பதை டீகோட் செய்யத் (விரித்துக் காட்டத்) தெரியாத பிளேயர் கையை விரித்துவிடும்.

விண்டோஸோடு வரும் மீடியா பிளேயர் இந்த வேலைக்கு சிஸ்டத்தில் உள்ள மீடியா ஃபவுண்டேஷன் என்ற பகுதியை நம்பியிருக்கிறது. என் லேப்டாப்பில் அங்கே எச்.இ.வி.சி. இல்லை. ஸ்டோரில் எக்ஸ்டென்ஷன் வாங்கச் சொன்னது. அமெரிக்க விலை 0.99 டாலர். வாங்கிப் போட்டேன், உடனே ஓடியது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ஜிபியு பக்கத்தில் வீடியோ டீகோட் கோடு மேலே ஏறியிருந்தது, சிபியு கிட்டத்தட்ட சும்மா இருந்தது. டீகோட் செய்யும் வன்பொருள் லேப்டாப்பிலேயே இருந்திருக்கிறது. இடையில் நின்றது காப்புரிமைக் கட்டணம். 2013-இல் தரமாக வந்த எச்.இ.வி.சி.-க்கு உரிமம் வாங்க ஒரே இடம் போதாது; எம்பெக் எல்ஏ, எச்இவிசி அட்வான்ஸ் என்று தனித்தனிக் குழுக்கள் உருவாகின.

அதே விண்டோஸில் விஎல்சி பிளேயர் எதையும் கேட்காமல் ஓட்டியது. எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்த மூலத் திட்டத்தின் கோடெக் தொகுப்பான லிப்ஏவிகோடெக்கை அது தன்னோடே கொண்டுவந்துவிடுகிறது. விஎல்சி பாரிஸில் மாணவர்கள் தொடங்கிய திட்டம், 2001-இல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியானது. மென்பொருள் காப்புரிமை பிரான்சில் செல்லாது என்பது விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பின் நிலைப்பாடு.

திறந்த மூலம் என்றால் எல்லாம் தானாக ஓடிவிடும் என்று நினைப்பவர்கள் ஃபெடோராவைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதோடு வந்த பிளேயர் கோடெக் இல்லை என்றது. ஃபெடோராவுக்குப் பின்னால் இருக்கும் ரெட் ஹேட் அமெரிக்க நிறுவனம். அங்கே மென்பொருள் காப்புரிமை செல்லும். அதனால் காப்புரிமைச் சிக்கல் உள்ள டீகோடர்களை நீக்கிய எஃப்எஃப்எம்பெக்கைத்தான் தருகிறார்கள். 2022-இல் ஃபெடோரா 37-க்கான மேசா என்ற கிராஃபிக்ஸ் டிரைவரிலும் எச்.264, எச்.265 வன்பொருள் டீகோடை அணைத்துவிட்டார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க, வன்பொருளில் எந்தெந்த கோடெக் ஓடும் என்று பட்டியலிடும் விஏஇன்ஃபோ கருவியை ஓட்டினேன். வந்த பட்டியலில் எச்.இ.வி.சி. வரியே இல்லை. ஃபெடோரா தராத பொதிகளைத் தரும் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து, முழு எஃப்எஃப்எம்பெக்கையும் அணைத்ததைத் திரும்பத் தரும் மேசாவின் ஃப்ரீவேர்ல்ட் பொதியையும் மாற்றிப் போட்டேன். மறுபடி ஓட்டினால் எச்.இ.வி.சி. மெயின், மெயின் 10 இரண்டும் பட்டியலில் வந்து நின்றன! அதே சில்லு, அதே கெர்னல். எனக்கு இந்த முயற்சியிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். எம்பிவி பிளேயரில் வன்பொருள் டீகோடை அணைத்து ஓட்டியபோது ஃபேன் இரைந்தது; போட்டதும் அடங்கிவிட்டது.

ஃபெடோராவின் இந்தக் கண்டிப்பு புதிதாக வருபவர்களுக்குச் சிரமம்தான். ஆனாலும் என்ன பூட்டப்பட்டிருக்கிறது, எந்தப் பொதியை மாற்ற வேண்டும் என்று தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. ஸ்டோரில் காசு கொடுத்தபோது எனக்கு அந்தத் தெளிவு கிடைக்கவில்லை.

அடுத்து அதே வீடியோவை எஸ்விடி-ஏவி1 என்ற மாற்றும் கருவி கொண்டு ஏவி1-ஆக, ஓப்பஸ் ஆடியோவோடு வெப்எம் கோப்பாக மாற்றினேன். ஏவி1-ஐ 2018-இல் கட்டணம் இல்லாத கோடெக்காக வெளியிட்டார்கள். எதையும் கூடுதலாக நிறுவாத ஃபெடோரா லைவ் யூஎஸ்பியில் ஃபயர்ஃபாக்ஸில் இழுத்துப் போட்டேன், ஓடியது. மாற்றுவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது, அதுவும் 4கே என்றால் பொறுமை வேண்டும். அதனால் மூலக் கோப்புகளை எச்.இ.வி.சி.-யிலேயே விட்டுவிட்டு, மற்றவர்களுக்கு அனுப்பும் பிரதிகளை மட்டும் 1080பி ஏவி1-ஆக மாற்ற ஆரம்பித்திருக்கிறேன்.