செவலையின் செலவு நோட்டு

எங்கள் செட்டிநாட்டு வீட்டில் எதற்கும் ஒரு நோட்டு உண்டு. கல்யாணத்துக்கு ஒன்று, முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு ஒன்று, மழைக்கு முன்னால் ஓடு மாற்றியதற்கு ஒன்று. அப்பத்தா கல்யாணத்துக்கு எத்தனை மணங்கு வெல்லம் வாங்கினார்கள், என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று இன்றைக்கும் பெட்டகத்தைத் திறந்து பார்த்துச் சொல்லலாம். அதனால் மூன்று வருடத்துக்கு முன்னால் குன்றக்குடியிலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து முகப்பில் இறக்கிவிட்டபோது, அப்பத்தா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுக்கு நோட்டுப் போட்டுட்டியாத்தா?" என்றதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே 40 பக்க நோட்டு ஒன்றை எடுத்து மேலே 'செவலை' என்று எழுதினேன். முதல் வரி: பால், 30 ரூபாய்.

அந்த நோட்டுதான் பின்னால் அவள் உயிரைக் காப்பாற்றியது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், மருத்துவரை எப்படிப் பார்த்துப் பிடிப்பது என்று நான் கற்றுக்கொண்டது எல்லாமே அதிலிருந்துதான்.

செவலைக்கு ஒரு வயது இருக்கும்போது சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். பட்டாலையில் ஆத்தங்குடித் தரை குளிர்ச்சியாக இருக்கும் இடமாகப் பார்த்துப் படுத்துக்கொள்வாள், கூப்பிட்டால் வால் மட்டும் ஆடும். பக்கத்து டவுனில் பளபளவென்று இருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். எடை பார்க்கவில்லை, வாயைத் திறந்து பார்க்கவில்லை, இரண்டு ஊசி, ஒரு டானிக், பில். இரண்டு நாள் நன்றாக இருந்தாள், மறுபடி படுத்துவிட்டாள். 'அந்த டாக்டர் சரியில்லை, இவரிடம் போ' என்று ஒருவர் சொன்னார், போனேன். அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார், வேறு ஊசி, வேறு மாத்திரை. அப்புறம் இன்னொருவர் இன்னொரு பேரைச் சொன்னார். இரண்டு வாரத்தில் மூன்று மருத்துவர்கள், நோட்டில் கூட்டிப் பார்த்தால் 6,400 ரூபாய், நாய் எழுந்திருக்கவில்லை. பதினைந்தாம் நாள் காலையில் மூக்கில் ரத்தம்.

அன்றைக்குத்தான், வேறு வழி தெரியாமல், எங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஆட்டோவில் தூக்கிப் போனேன். முன்னால் ஆறேழு ஆடு, ஒரு கறவை மாடு, ஒரு கோழிக்கூடை. இங்கே நாய்க்கு என்ன தெரியப்போகிறது என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. டாக்டர் ஈறை விரலால் தூக்கிப் பார்த்தார், வெளுத்திருந்தது. காய்ச்சல் பார்த்தார். "எத்தனை நாளா? நடுவுல என்னென்ன குடுத்தாங்க?" என்றார். எனக்கு வாய் குழறியது. பையில் நோட்டு இருந்தது, நீட்டினேன்.

அதில் பைசாக் கணக்கோடு சேர்த்து அப்பத்தா என்னை எழுத வைத்திருந்த வேறு விஷயங்களும் இருந்தன: என்றைக்கு உண்ணி பிடுங்கினோம், என்றைக்குச் சாப்பிடவில்லை, எந்த ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் நன்றாக இருந்தாள். டாக்டர் நின்றபடியே நாலு பக்கம் படித்தார். மூன்று இடத்திலும் காய்ச்சலைத் தணிக்கிற மருந்தும் மூன்று மூன்று நாளைக்கு ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்திருக்கிறார்கள், நோய் போகாமல் பதுங்கிப் பதுங்கித் தலைகாட்டுகிறது என்றார். காது நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்தார், அணுக்களை எண்ண ரத்தத்தை லேபுக்கு அனுப்பச் சொன்னார். உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது உள்ளே போகிற எர்லிக்கியா என்ற கிருமி, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களைக் குறைத்துவிடும், மூக்கில் ரத்தம் வந்தது அதனால்தான். டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 28 நாள், ஒரு நாள் விடாமல். வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது, கொடுத்ததும் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். லேப், மாத்திரை, ஆட்டோ எல்லாம் சேர்த்து 1,100 ரூபாயில் முடிந்தது.

மூன்று தனியார் மருத்துவரும் மோசம், அரசு மருத்துவர்தான் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மூவரில் யாரிடமாவது நான் திரும்பத் திரும்பப் போயிருந்தால் அவரே கண்டுபிடித்திருக்கலாம். ஆள் மாற்றி ஆள் மாற்றி ஓடியதில் ஒவ்வொருவருக்கும் நான் முதல் நாள் கேஸ். காசு போனது மருத்துவத்துக்கு இல்லை, என் பதற்றத்துக்கு. நாய் நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டாக்டரைப் பார்த்துவைத்துக்கொண்டால், படுத்த பிறகு ஊர் பூராவும் விசாரிக்க வேண்டியதில்லை. குடற்புழு மருந்து வாங்குகிற சாக்கில் போய்ப் பாருங்கள், அந்தப் பத்து நிமிடத்திலேயே ஆள் தெரிந்துவிடும்.

நான் பார்ப்பது முதலில் எடை. நாய்க்கு எந்த மருந்தும் எடைக்குத் தகுந்துதான், எடை பார்க்காமல் ஊசியை எடுக்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை வராது. (வீட்டில் பார்க்க, நாயைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். என் எடையையும் அப்பத்தா நோட்டில் எழுதச் சொன்னார், மறுத்துவிட்டேன்.) அடுத்தது தடுப்பூசி எங்கிருந்து வருகிறது என்பது. 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டிய மருந்து அது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, நம் கண் முன்னால் கலந்து, குப்பியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பிரித்துப் புத்தகத்தில் ஒட்டிக் கையெழுத்துப் போடுகிறவர் சரியான ஆள். சித்திரை வெயிலில் சட்டைப் பையில் வைத்து பைக்கில் கொண்டுவந்து வீட்டு வாசலில் ஊசி போடுகிற ஆட்களும் நம் பக்கம் இருக்கிறார்கள், விலை பாதிதான், ஆனால் அந்த ஊசியைப் போட்டதும் ஒன்றுதான் போடாததும் ஒன்றுதான். படித்த மருத்துவரா என்று கேட்கக் கூச்சமே வேண்டாம், கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி. முடித்து மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவர்தான் வைத்தியம் பார்க்கலாம் என்று 1984-லேயே சட்டம் இருக்கிறது. அப்புறம், 'இது என்னால் முடியாது, பெரிய இடத்துக்குக் கொண்டுபோங்க' என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இந்த ஒன்றுக்காகவே ஒருவரை நம்பலாம்.

விலை கேட்பது பற்றி. புளிக்கும் புடவைக்கும் அரை மணி நேரம் பேரம் பேசுகிற நாம் டாக்டர் முன்னால் வாயைத் திறப்பதில்லை, 'நாய் மேல் பாசம் இல்லாதவள்' என்று நினைத்துவிடுவாரோ என்று. நான் இப்போது உட்கார்ந்ததும் கேட்டுவிடுகிறேன்: இதுக்கு எவ்வளவு ஆகும் சார், இன்றைக்கே செய்ய வேண்டியது எது, ஒரு வாரம் பொறுக்கிறது எது, இந்த டெஸ்டில் என்ன வந்தால் வைத்தியம் மாறும்? நல்ல மருத்துவர் யாரும் இதற்கு முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. மருந்தின் பேரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால், டாக்ஸிசைக்ளின் மாதிரி மனிதர்களும் சாப்பிடுகிற மருந்து மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதற்காக வீட்டு அலமாரியிலிருந்து நாமே எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும், ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

அரசு மருந்தகத்துக்குப் போவதிலும் ஒரு நெளிவுசுளிவு இருக்கிறது. ஆட்டுக் கூட்டத்தைப் பார்த்தால் நாய் மிரளும், ஆடு அதைவிட மிரளும், அதனால் வண்டியிலேயே வைத்திருந்து நம் முறை வந்ததும் இறக்குங்கள். மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போடுகிற மாதங்களில் டாக்டர் காலையிலேயே கிராமம் கிராமமாகக் கிளம்பிவிடுவார், முதல் நாளே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. தை பிறந்தால் கேட்கவே வேண்டாம், சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு பரிசோதிக்கிற டூட்டி போட்டுவிடுவார்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும், எங்கள் தெருவில் கன்று போட முடியாமல் தவித்த மாட்டுக்கு வந்தது. வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு ஜூலை 6, செப்டம்பர் 28 இரண்டு நாளையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், விலங்குகளிடமிருந்து பரவும் நோய்களுக்கான நாள் ஒன்று, வெறிநோய் நாள் ஒன்று, அந்தச் சமயத்தில் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடத்துவார்கள். ஸ்கேன், எலும்பு முறிவு என்று பெரிய விஷயமாக வந்தால் நான் புதுக்கோட்டை தாண்டி ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் போவேன். ஒரு பகல் போய்விடும், மாணவர்கள் பத்துப் பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள், செவலைக்கு அது பிடிக்கவும் செய்யும்.

எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்றும் நோட்டே சொல்லிக்கொடுத்தது. குட்டிக்கு ஆறாவது வாரத்திலிருந்து நாலு மாதம் வரை விட்டு விட்டுப் போடுகிற பார்வோ தடுப்பூசியில் ஒன்றைத் தவறவிட்டு, குட்டிக்கு ரத்த பேதி கண்டு, ஒரு வாரம் டிரிப் ஏற்றி, எங்கள் வாட்ச்மேன் அண்ணன் செலவழித்த காசில் பத்துக் குட்டிக்கு ஊசி போட்டிருக்கலாம். பெட்டை நாய்க்குக் கருத்தடையும் அப்படித்தான். 'பாவம், ஒரு ஈடாவது போடட்டுமே' என்று எல்லோரும் சொன்னார்கள். ஆபரேஷன் செய்யாத பெட்டைக்கு வயதாக ஆகக் கருப்பையில் சீழ் கட்டுகிற நோய் வரலாம், வந்தால் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் தண்ணீராகக் குடித்துத் தள்ளும், சாப்பிடாது, அப்போது செய்கிற அவசர ஆபரேஷன் செலவும் அதிகம், ஆபத்தும் அதிகம். நான் செவலைக்குச் செய்துவிட்டேன்.

உண்ணி விஷயத்தில் நம் வீடுகளே எதிரி. முட்டைச் சுண்ணாம்பு பூசிய சுவர் என்னவோ கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது, ஆனால் நிலைக்கும் சுவருக்கும் நடுவில், உத்தரத்தில், கல்தொட்டி இடுக்கில் எத்தனை சந்து! நாயைக் கடித்து நிறைந்த உண்ணி கீழே விழுந்து, ஊர்ந்து சுவரேறி, அந்தச் சந்துகளில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு அந்த இடுக்குகளை விட்டுவிட்டால் அடுத்த மாதம் மறுபடி அதே கதை. நாய்க்குப் போடுகிற உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள், பெர்மெத்ரின் கலந்தது பூனைக்கு விஷம்.

கடைசியாகச் சாப்பாடு. விலை கூடின பாக்கெட் தீவனம் இல்லாவிட்டால் நாய் வளராது என்று கிடையாது, சோறு, அவித்த முட்டை, உப்பில்லாமல் வேகவைத்த கோழி, கொஞ்சம் பூசணி போதும், டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இலையில் மிஞ்சியது வேண்டாம். சின்ன வெங்காயம் இல்லாமல் எங்கள் ஊரில் குழம்பே கிடையாது, அந்த வெங்காயம், பச்சையோ வதக்கியதோ, நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். இதை அப்பத்தாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது, கடைசியில் எலும்பை எடுக்க ஆபரேஷன் செய்தால் எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதிக் காட்டினேன், அன்றோடு நிறுத்திவிட்டார்.

செவலைக்கு இந்த மாதம் வெறிநாய்க்கடி ஊசி. டாக்டரிடம் போனில் கேட்டேன். "பொங்கல் முடிஞ்சு வாங்கம்மா, அதுவரைக்கும் காளையோடதான் இருப்பேன், வரும்போது அந்த நோட்டை எடுத்துட்டு வாங்க" என்றார். 40 பக்கம் போன ஆடியிலேயே தீர்ந்துவிட்டது. இப்போது ஓடுவது 80 பக்க நோட்டு, அதன் விலை 25 ரூபாயையும் அப்பத்தா செவலை கணக்கில்தான் எழுத வைத்திருக்கிறார்.