த்ரெட் கூடக் கூட வேகம் குறைந்தது: பெர்ஃப் சி2சி காட்டிய கேஷ் லைன் இழுபறி

எங்களிடம் ஒரு சி++ சர்வீஸ் இருக்கிறது. வருகிற கோரிக்கையைப் பார்த்து அதை எந்த பேக்எண்ட் சர்வருக்கு அனுப்புவது என்று முடிவு செய்து அனுப்பும், வேறு பெரிய வேலை கிடையாது. 8 த்ரெட்டில் நன்றாக ஓடும், 16 கொடுத்தால் கொஞ்சம் கூடும், ஆனால் இரண்டு சாக்கெட்டிலும் (மெஷினில் இருக்கும் இரண்டு சிபியு சிப்களிலும்) உள்ள கோர்கள் எல்லாம் வேலை செய்கிற அளவுக்கு த்ரெட் கொடுத்தால் 16-இல் முடிந்ததைவிடக் குறைவான கோரிக்கைகள்தான் முடியும். எல்லா கோரும் 100 சதவீதம் பிஸி என்று டாப் கட்டளை காட்டும். மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) எதிலும் யாரும் காத்துக் கிடக்கவில்லை, நெட்வொர்க்கில் தாராளமாக இடம் இருக்கிறது, டிஸ்க் பக்கமே போகாத ப்ரோகிராம். எங்களை அதிகம் குழப்பியது என்னவென்றால், அதே பைனரி அதே வகை டெஸ்ட் மெஷினில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம், லினக்ஸின் வேக அளவீட்டுக் கருவியான பெர்ஃபை எடுத்து பெர்ஃப் ரெக்கார்ட், பெர்ஃப் ரிப்போர்ட். ரூட்டைத் தேர்ந்தெடுக்கிற ஒரு சின்ன ஃபங்ஷன் மேலே வந்து நின்றது. அதை அனோட்டேட் செய்து, அதாவது இன்ஸ்ட்ரக்ஷன் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் நேரமெல்லாம் ஒரே இடத்தில், கான்ஃபிக்கைக் காட்டும் பாயிண்டரை மெமரியிலிருந்து எடுத்ததற்கு அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனில். (சாம்பிள் இப்படி ஒரு படி தள்ளி விழுவது சாதாரணம்தான், அதனால் குற்றவாளி அதற்கு முந்தைய லோட் (மெமரியிலிருந்து வாசிப்பது) என்று எடுத்துக்கொள்ளலாம்.) ஆனால் அந்தப் பாயிண்டர் ப்ரோகிராம் தொடங்கும்போது ஒரு முறை எழுதப்படுகிறது, அதன் பிறகு யாரும் அதை மாற்றுவதே இல்லை. வாசிக்க மட்டுமே செய்கிற ஒரு 8 பைட் எந்தக் கோரின் எல்1 கேஷிலும் (கோரோடு ஒட்டியிருக்கும் வேகமான சின்ன மெமரி) நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டும், 4, 5 சைக்கிளில் (சிபியு கடிகாரத் துடிப்பில்) கைக்கு வர வேண்டும். அதை எடுப்பதற்கு இவ்வளவு நேரம் ஏன்?

டீமில் ஒருவர் ஹாஷ் ஃபங்ஷனை மாற்றிப் பார்க்கலாம் என்றார், இன்னொருவர் கம்பைலர் ஆப்ஷன்களைச் சொன்னார். பெர்ஃப் ஸ்டாட் ஓட்டிப் பார்த்தபோது ஒரு சைக்கிளுக்கு முடிகிற இன்ஸ்ட்ரக்ஷன் எண்ணிக்கை த்ரெட் கூடக் கூட விழுந்துகொண்டே போனது. கோர்கள் பிஸியாக இருப்பது போலத் தெரிகிறதே தவிர, உண்மையில் மெமரிக்காகக் காத்து நிற்கின்றன. அப்போதே கேஷ் லைன் இழுபறியாக இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டது. ஆனால் யாரும் எழுதாத ஒரு ஃபீல்டில் எப்படி இழுபறி வரும் என்பதுதான் விளங்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். சிபியு மெமரியை பைட் பைட்டாகக் கையாள்வதில்லை, எக்ஸ்86-இல் 64 பைட் கொண்ட ஒரு துண்டாக, அதாவது ஒரு கேஷ் லைனாகத்தான் எடுக்கும், வைக்கும். ஒரு கோர் அந்த லைனில் எந்த ஒரு பைட்டை எழுத வேண்டுமானாலும் மற்ற கோர்களிடம் இருக்கும் அதன் நகல்களை எல்லாம் செல்லாததாக்கிவிட்டு, லைன் முழுவதையும் தனக்கென்று வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கு ஒரே நோட்டுப் புத்தகம், நான் எழுதுவது 3ஆம் பக்கத்தில், நீங்கள் படிப்பது 7ஆம் பக்கத்தில், இருந்தாலும் நான் ஒவ்வொரு முறை எழுதும்போதும் புத்தகம் என் கைக்கு வந்தாக வேண்டும் என்றால் எப்படியோ அப்படித்தான் இதுவும். உங்கள் பக்கத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனாலும் நீங்கள் காத்திருக்க வேண்டியதுதான். இதைத்தான் ஃபால்ஸ் ஷேரிங் என்கிறார்கள்.

சாதாரண ப்ரொஃபைலர் இங்கே கைவிடுகிற காரணமும் இதுதான். யார் காத்திருக்கிறார்கள் என்று அது சரியாகவே சொல்கிறது. யாரால் காத்திருக்கிறார்கள் என்று சொல்ல அதற்கு வழியில்லை, ஏனென்றால் அந்த ஆள் வேறொரு கோரில், வேறொரு ஃபங்ஷனில், கோடில் எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் இடத்தில் இருக்கிறார்.

பெர்ஃப் சி2சி எழுதப்பட்டதே இந்த இடைவெளியை நிரப்பத்தான். கேஷிலிருந்து கேஷுக்கு என்பதன் சுருக்கம்தான் பெயரில் இருக்கிறது. ரெட் ஹாட் பொறியாளர்கள் உருவாக்கி, லினக்ஸ் 4.10-இல், அதாவது 2017 தொடக்கத்தில், கெர்னலோடு சேர்ந்தது. இன்டெல் சிபியுவில் இது லோட், ஸ்டோர் (மெமரியில் எழுதுவது) இன்ஸ்ட்ரக்ஷன்களை சாம்பிள் எடுக்கும்போது டேட்டாவின் முகவரி என்ன, அது எங்கிருந்து வந்தது, வர எத்தனை சைக்கிள் ஆனது என்பதையும் ஹார்டுவேரே சேர்த்து எழுதிக் கொடுக்கிறது. அதில் முக்கியமானது ஹிட்எம் என்ற வகை. நான் வாசிக்கப் போன லைன் இன்னொரு கோரின் கேஷில், மாற்றி எழுதப்பட்ட நிலையில் இருந்தது என்று அதற்குப் பொருள். அதே சாக்கெட்டுக்குள் நடந்தால் லோக்கல் ஹிட்எம், அடுத்த சாக்கெட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் ரிமோட் ஹிட்எம். இரண்டாவது மிகவும் விலை கூடியது. ஒரு சாக்கெட்டைத் தாண்டும்போது எங்கள் சர்வீஸ் ஏன் படுத்தது என்பதற்கு இங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

ஓட்டுவதற்கு முன்னால் சில தடங்கல்கள் வந்தன. கிளவுட் விஎம்மில் (மெய்நிகர் மெஷினில்) முயன்றபோது மெமரி ஈவென்ட்டுகளுக்கு ஆதரவு இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. பல விஎம்களில் இந்த ஹார்டுவேர் வசதி கெஸ்டுக்குத் தெரியாது, நடுவே விஎம் இல்லாத பேர் மெட்டல் மெஷினில்தான் ஓட்ட வேண்டும். பெர்ஃப் ஈவென்ட் பாரனாய்ட் என்ற கெர்னல் அமைப்பு உபுண்டுவில் இயல்பாகவே இறுக்கமாக இருக்கும், அதனால் மெஷின் முழுவதையும் கவனிக்க ரூட் அனுமதி வேண்டும். அப்புறம் பைனரியில் டீபக் தகவல் இருந்தே ஆக வேண்டும். ஆப்டிமைசேஷனைக் குறைக்க வேண்டியதில்லை, 'ஜி' ஆப்ஷனைச் சேர்த்து பில்ட் செய்தால் போதும். அது இல்லாவிட்டால் ரிப்போர்ட்டில் சோர்ஸ் ஃபைலும் வரி எண்ணும் வராது, வெறும் முகவரிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உங்களிடம் ஏஎம்டி அல்லது ஆர்ம் மெஷின் இருந்தால் கெர்னலும் பெர்ஃபும் புதிதாக இருக்கட்டும், அங்கே சாம்பிள் எடுக்கும் ஹார்டுவேரே வேறு, ஆதரவும் பின்னால்தான் வந்தது.

ரெக்கார்ட் செய்யும்போது மெஷின் முழுவதையும் எடுங்கள், ஒரு ப்ராசஸை மட்டும் எடுக்க வேண்டாம், எழுதுகிற ஆள் இன்னொரு ப்ராசஸாகவோ கெர்னலாகவோகூட இருக்கலாம். நேரத்தைக் குறைவாக வையுங்கள். லோடு உச்சத்தில் இருக்கும்போது 5 விநாடி, அதிகம் போனால் 10 விநாடி. நீண்ட நேரம் எடுத்தால் துல்லியம் கூடும் என்று தோன்றும், ஆனால் ஒரே லைனை இப்போது ஒருவரும் சற்றுப் பிறகு இன்னொருவரும் தொட்டதெல்லாம் சேர்ந்து வந்து, ஒரே சமயத்தில் நடக்கிற உண்மையான மோதல் அதில் மறைந்துபோகும். இன்டெலில் 30 சைக்கிளுக்குக் குறைவான லோட்களை அது இயல்பாகவே விட்டுவிடுகிறது, அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.

ரிப்போர்ட்டை முதல் முறை திறப்பவர்கள் மிரண்டுபோவார்கள், அவ்வளவு அகலமான அட்டவணை. டெர்மினலில் பார்க்காமல் எழுத்தாக ஒரு ஃபைலில் இறக்கி, வரி மடியாமல் பார்ப்பதே நல்லது. தொடக்கத்தில் ஒரு மொத்தக் கணக்கு இருக்கும். அதில் ரிமோட் ஹிட்எம், லோக்கல் ஹிட்எம் எண்களைப் பார்த்தாலே நோய் இதுதானா இல்லையா என்று தெரிந்துவிடும், இரண்டும் அற்பமாக இருந்தால் ரிப்போர்ட்டை மூடிவிட்டு வேறு காரணம் தேடலாம். அடுத்து, அதிகம் அடிபட்ட கேஷ் லைன்களின் பட்டியல். எங்களுடையதில் முதல் லைன் ஒன்றே மொத்த ஹிட்எம்மில் பெரும்பகுதியை எடுத்திருந்தது, அடுத்து வந்தவையெல்லாம் அதற்குக் கிட்டக்கூட வரவில்லை.

மூன்றாவதாக வரும் பரேட்டோ பகுதிதான் உயிர். ஒவ்வொரு லைனையும் பிரித்து, அதன் எத்தனையாவது பைட்டை, எந்த ஃபங்ஷனின் எந்த வரி, எத்தனை சிபியுவிலிருந்து, வாசித்ததா எழுதியதா, சராசரியாக எத்தனை சைக்கிள் ஆனது என்று போட்டிருக்கும். ஹிட்எம் லோட்டுக்கு மட்டும்தான் பதிவாகும், ஸ்டோருக்குத் தனிப் பத்தி. அதனால் அடிபடுகிறவரை ஹிட்எம் பத்தியிலும் எழுதுகிறவரை ஸ்டோர் பத்தியிலும் தேட வேண்டும். எங்கள் லைனில் 24ஆவது பைட்டில் லோட் மட்டும், நமக்குத் தெரிந்த அதே கான்ஃபிக் பாயிண்டர், சராசரி சில நூறு சைக்கிள். 48ஆவது பைட்டில் லோடும் ஸ்டோரும் சேர்ந்து, எல்லாச் சிபியுவிலிருந்தும், வேறொரு ஃபைலில் இருக்கும் ஒரு வரி. அந்த வரி, இப்போது எத்தனை கோரிக்கைகள் நடந்துகொண்டிருக்கின்றன என்று எண்ணுகிற அட்டாமிக் கவுண்டர் (பல த்ரெட் ஒரே நேரத்தில் மாற்றினாலும் கணக்குத் தப்பாத எண்). ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும் ஒன்று கூட்டும், முடியும்போது ஒன்று கழிக்கும். எழுதும் ஆள் கிடைத்துவிட்டார். அவர் பெயரோடும் வரி எண்ணோடும் ஒரே அட்டவணையில் இருவரையும் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியை நான் மறைக்க விரும்பவில்லை, அத்தனை நாள் ஊகத்தில் பேசிக்கொண்டிருந்ததற்கு ஒரு முடிவு வந்தது.

ஆனால் அங்கே ஒரு முரண்பாடு கிளம்பியது. டீமில் மூத்தவர் ஒருவர் பஹோல் ஓட்டிப் பார்த்திருந்தார். ஸ்ட்ரக்டில் (ஃபீல்டுகளை அடுத்தடுத்து வைக்கும் தொகுப்பு, பாயிண்டரும் கவுண்டரும் ஒரே ஸ்ட்ரக்டில்தான் இருந்தன) எந்த ஃபீல்ட் எந்த பைட்டில் இருக்கிறது, கேஷ் லைன் எல்லை எங்கே விழுகிறது என்று டீபக் தகவலிலிருந்து எடுத்துக் காட்டுகிற அருமையான கருவி அது. அதன்படி பாயிண்டர் 40ஆவது பைட்டில், கவுண்டர் 64ஆவது பைட்டில். அதாவது முதலாவது முதல் லைனில், இரண்டாவது அடுத்த லைனில். "இரண்டும் வேற வேற லைன்ல இருக்கு, சி2சி தப்பா காட்டுது" என்றார் அவர்.

இரண்டு கருவியுமே சரிதான். ஸ்ட்ரக்ட் ஒரு லைனின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பஹோல் எல்லை போடுகிறது. ஹீப்பிலிருந்து, அதாவது ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரியில், அந்த உத்தரவாதம் கிடையாது, லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் மெமரி ஒதுக்கும் மாலாக் 64-பிட் மெஷினில் 16 பைட்டுக்குத்தான் ஒழுங்குபடுத்தித் தரும். எங்கள் ஸ்ட்ரக்ட் ஒரு லைனின் 48ஆவது பைட்டில் ஆரம்பித்திருந்தது. 48-உம் 40-உம் 88, அதாவது அடுத்த லைனின் 24ஆவது பைட். 48-உம் 64-உம் 112, அதே லைனின் 48ஆவது பைட். சி2சி காட்டிய எண்கள் அப்படியே வந்து பொருந்தின. டெஸ்ட் மெஷின் ஏன் வேகமாக ஓடியது என்பதும் இதோடு விளங்கியது. அங்கே கான்ஃபிக் ஃபைல் சிறியது, அதைப் படிக்கும்போது நடக்கிற மெமரி ஒதுக்கீடுகள் வேறு, அதனால் ஸ்ட்ரக்ட் வேறிடத்தில் ஆரம்பித்து இரண்டு ஃபீல்டும் தனித்தனி லைனில் விழுந்திருக்கின்றன. கோடில் ஒரு எழுத்து மாறாமல், கான்ஃபிக்கில் நாலு வரி கூடியதால் ஒரு சர்வீஸின் வேகம் மாறுகிறது. இதை கோட் ரிவ்யூவில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான் அளந்து பார்க்கிற கருவி மீது எனக்கு இவ்வளவு மரியாதை.

சரி, திருத்தம். கவுண்டரை அலைன்ஆஸ் (எத்தனை பைட் எல்லையில் தொடங்க வேண்டும் என்று சொல்லும் சி++ சொல்) போட்டுத் தனியாக ஒதுக்கினோம், 64 அல்ல, 128. இன்டெல் சிபியுக்களில் பக்கத்து லைனையும் ஜோடியாக இழுத்து வருகிற ப்ரீஃபெட்சர் ஒன்று உண்டு, அதனால் 64 மட்டும் தள்ளினால் சில நேரம் போதாது. சி++17-இல் இதற்கென்றே ஒரு மாறிலி இருக்கிறது, ஆனால் கம்பைலர் எந்தச் சிபியுவுக்கு ட்யூன் செய்கிறது என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறலாம் என்று ஜிசிசி கம்பைலரே எச்சரிக்கிறது, அதனால் நாங்களே எண்ணை எழுதிவிட்டோம். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: சி++17-க்கு முந்தைய முறையில் கம்பைல் செய்தால், மெமரி வாங்கித் தருகிற நியூ இந்தப் பெரிய அலைன்மென்டை மதிக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது, அலைன்ஆஸ் எழுதியும் முழுப் பலன் கிடைக்காமல் போகலாம்.

மறுபடி சி2சி ஓட்டினோம், இந்த இரண்டாம் ஓட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது. கான்ஃபிக் பாயிண்டர் பட்டியலிலிருந்தே காணாமல் போயிருந்தது. ஆனால் கவுண்டரின் லைன் இன்னும் மேலேயே நின்றது, இந்த முறை ஒரே ஒரு பைட் இடத்தோடு, எல்லாச் சிபியுவும் அதே இடத்தை வாசித்து அதே இடத்தை எழுதுகின்றன. இது ஃபால்ஸ் ஷேரிங் அல்ல, உண்மையான பகிர்வு. இடைவெளி விடுவதால் இது தீராது. பல பைட் இடங்கள் தெரிந்தால் பிரித்து வை, ஒரே இடம் தெரிந்தால் வடிவமைப்பை மாற்று, பரேட்டோ பகுதியை நான் இப்படித்தான் படிக்கிறேன்.

அந்த எண்ணைப் படிக்கிறவர் யார் என்று தேடினால், விநாடிக்கு ஒரு முறை டாஷ்போர்டுக்கு அனுப்புகிற ஒரே ஒரு த்ரெட். அதற்காக எல்லா கோரும் ஒரே லைனை இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. த்ரெட்டுக்கு ஒன்றாகக் கவுண்டரைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 128 பைட் கொடுத்து, அனுப்பும்போது மட்டும் கூட்டிக்கொள்கிற மாதிரி மாற்றினோம். கூட்டுகிற நேரத்தில் ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம், ஒரு வரைபடத்துக்கு அது போதும். கோரிக்கைகளைக் கட்டுப்படுத்துகிற உச்சவரம்புக்கு இதே எண்ணைப் பயன்படுத்தியிருந்தால் இந்த வழி சரிப்பட்டிருக்காது.

மூன்றாவது ஓட்டத்தில் ஒரு ஷேர்ட் பாயிண்டரின் ரெஃபரன்ஸ் கவுண்ட் (அதை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை) மேலே வந்தது, ஃபங்ஷனுக்கு மதிப்பாக, அதாவது நகலெடுத்து அனுப்புகிற இடத்தில் கான்ஸ்ட் ரெஃபரன்ஸாக மாற்றியதும் அதுவும் போனது. அதற்குக் கீழே இருந்தவை கெர்னலின் சொந்த லைன்கள், எண்ணிக்கையும் குறைவு, அவற்றைத் தொடவில்லை. இப்போது இரண்டாவது சாக்கெட்டையும் சேர்த்தால் வேகம் கூடுகிறது, அனோட்டேட்டில் அந்த லோட் இருந்த இடமே தெரிவதில்லை. பாயிண்டருக்கும் கவுண்டர்களுக்கும் நடுவே 128 பைட் தூரம் இருக்கிறதா, ஸ்ட்ரக்டின் அலைன்மென்ட் 128-ஆ என்று பார்க்கிற இரண்டு ஸ்டாடிக் அஸெர்ட் (கம்பைல் செய்யும்போதே சரிபார்க்கும்) வரிகளையும், ஏன் என்று சொல்லும் ஒரு கமென்டையும் கோடில் சேர்த்திருக்கிறோம். ரிலீஸுக்கு முந்தைய லோடு டெஸ்டில் 5 விநாடி சி2சி ஓட்டமும் சேர்ந்துவிட்டது. அதன் மொத்தக் கணக்கில் ஹிட்எம் எண் முந்தைய ரிலீஸைவிட எகிறினால் பில்டை நிறுத்திவிட்டுப் பார்க்கிறோம்.