ஹாலில் இருந்து கடலூருக்கு ஏழு நிமிடம்

மகள் விமானி ஆகப்போகிறாளாம். முதலில் ப்ளஸ் டூ முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நானும் மனைவியும் ஒருமாதிரி தள்ளிப்போட்டு வைத்திருக்கிறோம். அவள் எங்கே காத்திருக்கிறாள்? 16 வயது முடிந்தாலே மாணவர் விமானி உரிமம் எடுக்கலாம், 18 ஆனால் கமர்ஷியல் உரிமம், அதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் பாடம் நடக்கிறது. அந்த 200 மணி நேரத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டால் மட்டும் ரசம் ஊற்றச் சொல்லிவிடுவாள்.

இப்போதைக்கு லேப்டாப்பில் சிமுலேட்டர் போட்டு, அதை டிவியில் இணைத்து, ஒரு ஜாய்ஸ்டிக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதோடு போயிற்று என்று பார்த்தால், செக்லிஸ்ட் படிக்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டுமாம். வீட்டில் சும்மா இருக்கிற ஒரே ஆள் நான்தான் என்பது எப்படியோ முடிவாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவிக்கு முன்னால் இரண்டு டைனிங் நாற்காலி போட்டாள். இடது பக்கம் அவள், வலது பக்கம் நான். விமானம் செஸ்னா 172. நான்கு பேர் உட்காரலாம், இன்ஜின் ஒன்றே ஒன்று.

"மேக்னெட்டோ, இடது, வலது" என்று படித்தேன். அது என்ன என்று கேட்டது என் போதாத காலம். இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற கருவியாம். இரண்டு தனித்தனியாக இருக்குமாம்.

"ஒண்ணு போச்சுன்னா?"

"இன்னொண்ணுல ஓடும்பா."

"ரெண்டும் போச்சுன்னா?"

"மூவாயிரம் அடியில இருந்தா ஏழெட்டு கிலோமீட்டர் மிதந்தே போகலாம்."

"அப்புறம்?"

"அப்புறம் இறங்கணும். நீங்க அடுத்த வரி படிங்க."

எங்கள் வீடு புதுச்சேரி லாஸ்பேட்டை. விமான நிலையம் கூப்பிடு தூரத்தில். ஓடுபாதை 1,500 மீட்டர்தான் என்பதால் ஏடிஆர் போன்ற சின்ன விமானங்கள்தான் வந்து போகும். அந்தச் சத்தம் கேட்டாலே இவள் புத்தகத்தை மூடிவிட்டு மாடிக்கு ஓடுவாள். இப்போது டிவியில் அதே ஓடுபாதையின் முனையில் நிற்கிறோம். தரையில் பெரிதாக 07 என்று எழுதியிருந்தது. திசைகாட்டியில் 70 டிகிரி என்று அர்த்தமாம். சாயங்காலம் கடல்காற்று, காற்றை எதிர்த்துத்தான் ஏற வேண்டும், அதனால் கடலைப் பார்த்துப் போகிறோம் என்றாள். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். பதில் இல்லை.

இன்ஜின் வேகத்தைக் கூட்டுகிற த்ராட்டிலைத் தள்ளியதும் விமானம் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. "ரைட்டுல ஒடி, ரைட்டுல!" என்று கத்தினேன். பெரிதாக ஒன்றும் இல்லை, ஒற்றை இன்ஜின் விமானம் ஏறும்போது அப்படித்தான் இழுக்குமாம், பறக்கக் கற்றுக்கொடுப்பவர்களும் இதையேதான் கத்துவார்களாம். ஆக, வந்த வேலையை நான் சரியாகவே செய்துகொண்டிருந்தேன்.

முத்தியால்பேட்டையைத் தாண்டிக் கடலுக்கு மேல் போய் வலது பக்கம் திரும்பினோம். கலங்கரை விளக்கம், பீச் ரோடு, அரியாங்குப்பம் ஆறு எல்லாம் வரிசையாகப் பின்னால் போயின. மணிக்கு 185 கிலோமீட்டர் வேகம். பஸ்ஸில் ஒரு மணி நேரம் குலுங்கிக்கொண்டு போகிற கடலூர் ஏழே நிமிடத்தில் வந்துவிட்டது. எல்லையில் இருக்கிற ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் யாரும் பையைத் திறக்கச் சொல்லவில்லை. புதுச்சேரியில் இருந்து கடலூருக்கு அப்படிப் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

தேவனாம்பட்டினத்துக்கு நேராகக் கடலுக்கு மேல் வந்ததும், "இப்ப ஸ்டால் பண்ணப் போறேன்" என்றாள்.

நடுவானத்தில் எதற்கு வண்டியை ஆஃப் பண்ண வேண்டும் என்று பதறினேன். இது இன்ஜின் ஆஃப் ஆகிற சமாச்சாரம் இல்லையாம். மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் இறக்கைக்கு மேலே காற்று ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும், விமானம் தொப்பென்று கீழே இறங்கும். அதை வேண்டுமென்றே செய்து, வெளியே வரப் பழக வேண்டுமாம். வேகம் மணிக்கு 93 கிலோமீட்டரை நெருங்கியதும் திருவிழாப் பீப்பீ மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. உண்மையான செஸ்னாவிலும் அப்படித்தானாம். இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை, அதன் வழியாகக் காற்று இழுபட்டு ஊதுகிறது. கரண்ட்டே வேண்டாம்.

அவள் அந்த வார்த்தையைச் சொல்லி வாய் மூடவில்லை, எங்கள் வீட்டில் கரண்ட் போனது.

இன்வர்ட்டரில் ஃபேன் உண்டு, லைட் உண்டு, டிவி கிடையாது. திரை இருட்டு. சத்தம் மட்டும் லேப்டாப்பில் இருந்து வந்துகொண்டே இருந்தது: பீ... பீ... பீ...

"தூக்குடி! மேல தூக்கு!"

"தூக்கக் கூடாதுப்பா, இறக்கணும்!"

"ஏற்கெனவே இறங்கிட்டுத்தானேடி இருக்கு!"

சமையலறையில் இருந்து மனைவியின் குரல்: "இறங்கிட்டீங்களா? தோசை ஆறுது."

மகள் எழுந்து போய் ஏதோ ஒரு பட்டனை அமுக்கினாள். லேப்டாப் திரையில் படம் வந்தது. கண்ணாடி முழுக்கக் கடல். உயரம் 1,100 அடி, அதுவும் குறைந்துகொண்டிருந்தது. அவள் நின்றபடியே மூக்கை இன்னும் கீழே இறக்கினாள். விழுகிற விமானத்தை மேலும் கீழே தள்ளுகிற பிள்ளையைப் பெற்ற எந்த அப்பனுக்கும் அந்த நேரம் வயிறு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. பீப்பீ நின்றது. இறக்கையை நேராக்கி, த்ராட்டிலை முழுக்கக் கொடுத்து, மெதுவாக நிமிர்த்தினாள். 600 அடி. சில்வர் பீச் மணல் ஜன்னலோரம் வந்தது.

"அப்பா, காலைக் கீழ வைங்க" என்றாள்.

பார்த்தால் என் கால் இரண்டும் நாற்காலி மேல் ஏறியிருந்தன. கையில் செக்லிஸ்ட் உருண்டையாக இருந்தது.

திரும்பி வந்து லாஸ்பேட்டையில் இறங்கியது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குதி குதித்து நின்றது. வீட்டில் பறப்பதெல்லாம் அந்த 200 மணி நேரக் கணக்கில் சேராது என்று அவளே சொல்லிக்கொண்டாள். என் பிரஷரில் சேரும்.

இவ்வளவு நேரமும் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த என் அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஏண்டி, சிதம்பரம் போக எம்மா நேரம் ஆவும்?"

"இருபது நிமிஷம் ஆயா."

"டேய், எழுந்திருடா."

என் நாற்காலி போனது. எண்பதை நெருங்குகிற அம்மா, செருப்பில்லாத காலை ஒருமுறை புடவையில் துடைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்தார். பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் காடு எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தார். மேக்னெட்டோ பற்றி ஒரு கேள்வி இல்லை. சிதம்பரம் வந்தது. ஆனால் சிமுலேட்டருக்குக் கோபுரம் தெரியவில்லை, நான்கு அடுக்குமாடி வீடுகளை நிறுத்தி வைத்திருந்தது.

"எங்கடி கோபுரம்?"

"அந்த நாலு பில்டிங்தான் ஆயா. கோபுரம்னு நெனச்சுக்கோ."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். மகள் ஒரு வட்டம் போட விமானத்தை இடது பக்கம் சாய்த்தாள். விமானி இடது இருக்கையில் இருப்பதால் வழக்கமாக இடது பக்கம்தான் சுற்றுவார்களாம்.

"சாமிய இடமாச் சுத்துவாங்களா? வலமா வாடி!"

மகள் மறுபேச்சில்லாமல் வலது பக்கம் சாய்த்தாள். எனக்கு "ரைட்டுல ஒடி" என்று கத்த வேண்டிய வேலைகூட இல்லாமல் போனது.