மலையை வாங்குவது தொடக்கம் மட்டுமே
பனிச்சறுக்கு மலையொன்றை விலைபேசி வாங்கிவிடலாம். அதை மீண்டும் இயங்கவைப்பதில்தான் கைப்பணம் கரைகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ரேஞ்ச்லி ஊரருகே உள்ள சேடில்பேக் என்ற பனிச்சறுக்கு மலை, இருவர் அமர்ந்து மலையேறும் பழைய கம்பிவட நாற்காலி வரிசையை மாற்றப் பணம் திரட்ட முடியாமல் 2015இல் மூடப்பட்டது. ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று வாங்குவதாக அறிவித்தும் விற்பனை கைகூடவில்லை. பனி குறைந்த வாரத்திலும் செயற்கைப் பனிக்கான மின்கட்டணமும் சம்பளமும் காப்பீடும் காத்திருப்பதில்லை. நுழைவுச்சீட்டு வருமானமோ குளிர்காலத்தோடு முடிந்துவிடும் என்பதால், உடனடி லாபம் எதிர்பார்ப்பவர்களுக்கு இத்தொழில் ஒத்துவராது. ஐந்து குளிர்காலங்கள் ஊர் விடுதிகளும் கடைகளும் வாடிய பின், 2020இல் ஆர்க்டாரிஸ் என்ற முதலீட்டு நிதியம் மலையை வாங்கி, நால்வர் அமரும் அதிவேக நாற்காலிகளை நிறுவி, அந்த டிசம்பரிலேயே திறந்தது. பழைய நாற்காலி வரிசையைத் தள்ளிப்போடாமல் முதலில் மாற்றியதே சரியான முடிவு என்று உறுதியாக நம்புகிறேன்.